தயாவதி போட்ட கார்டு

செங்கல்பட்டில் ஆறு மாதப் பயிற்சி முடித்துவிட்டுத் தயாவதி காஞ்சிபுரத்துக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. வேலையின் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. "கேஸ் ஒர்க்கர்" என்றால், "கோர்ட்டுலயா, போலீஸ்லயா?" என்று கேட்பார்கள். தொழுநோய் வந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். மாத்திரையை விடாமல் சாப்பிட வைக்க வேண்டும். வேலை போனவருக்கு வேலை தேடித் தர வேண்டும். வீட்டார் துரத்தினால் வீட்டாரோடு மல்லுக்கு நிற்க வேண்டும். இத்தனையையும் ஆளுக்கொரு கட்டாக எழுதியும் வைக்க வேண்டும். இப்படி விளக்கிச் சொன்னால் கேட்டவர் மெல்ல ஓரடி பின்னால் நகர்ந்துவிடுவார். குஷ்டம் என்ற சொல் காதில் விழுந்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிய காலம் அது.

பாலாற்றைத் தாண்டி, செய்யாறு போகிற சாலையில் அவள் ஊர். அப்பா குந்துநாதன் நயினார் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். சமணக் குடும்பம், பூச்சி புழுவுக்கும் தீங்கு நினைக்காத வீடு. ஆனால் பெண் பார்க்க வந்த இரண்டு வரன்கள், "அந்தக் கையாலதானே எங்களுக்கும் சோறு போடும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். மூன்றாவது வரன் வீட்டு வாசலுக்கே வரவில்லை. அம்மா சாந்திமதி அழுதாள். தயாவதிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பாதி வேலையை அவள் அந்தக் கோபத்தின் பலத்தில்தான் பார்த்தாள்.

பயிற்சியில் சொல்லித் தந்ததையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தாள். புண்ணைப் பார்க்காதே, ஆளைப் பார். அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்று முதலில் தெரிந்துகொள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுது. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே. பரீட்சையில் அவள்தான் முதல். நோட்டில் எழுதிக்கொண்டது கைக்கு வர எத்தனை நாளாகும் என்பதை மட்டும் அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெல் கிடங்கு இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் அங்கே வந்து உட்காருவார், மாத்திரை கொடுப்பார்கள். அது ஊருக்கே தெரியும். செவ்வாய்க்கிழமையானால் அந்த வழியாகப் போக வேண்டியவர்கள்கூட வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போவார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாரும் போன பிறகு, துண்டை மூக்குவரை போர்த்திக்கொண்டு ஒருவர் வந்தார். பெயர் மாணிக்கவாசகம். பிள்ளையார்பாளையத்து நெசவாளி, வயது நாற்பத்து நான்கு. இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப் போயிருந்தன. சூடான தம்ளரைப் பிடித்துத் தோல் வழன்று வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுட்டதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேமல்.

"இழை அறுந்தா இந்த ரெண்டு வெரலுதாம்மா எனக்குச் சொல்லும். இப்ப அதுங்க ஒண்ணும் சொல்றதில்ல," என்றார்.

அந்தப் பேச்சிலேயே தயாவதிக்கு அவரைப் பிடித்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, இது அடுத்தவருக்குத் தொற்றுகிற வகை இல்லை, சில வருஷம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் கை இதற்குமேல் கெடாது என்றார். மாணிக்கவாசகம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். டாக்டர் எழுந்து போனதும் தயாவதியிடம் வந்தார்.

"வூட்டாண்ட மட்டும் வராதீங்கமா. வந்தே ஆவணும்னா வெளக்கு வெச்சப்புறம் வாங்க. பகல் பூரா தறியில குந்திக்கினு இருப்பேன். பக்கத்து வூட்டுத் தறிக்கும் என் தறிக்கும் நடுவுல ஒரே செவுருதான். தையில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது, ஆரணியில குடுக்கறோம். அதுவரைக்கும் என் பொண்டாட்டிக்கே தெரியக் கூடாது."

"என் வாயிலேருந்து வராதுங்க ஐயா," என்றாள் தயாவதி. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதியும் வைத்தாள்.

எட்டு வாரம் அவர் தவறாமல் வந்தார். செங்கல்பட்டில் ஆறு மாதம் படித்ததைவிட அந்த எட்டு வாரத்தில் அவள் அதிகம் கற்றுக்கொண்டாள். மரத்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தறியில் உட்காரச் சொன்னாள். தினம் படுக்கப் போகுமுன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். அவர் தன் மகள் கமலவேணியைப் பற்றியே பேசுவார். எட்டாவது வரை படித்த பெண், தறியில் உட்கார்ந்தால் அப்பனைவிட வேகம், ஆனால் வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. "போற எடத்துல எப்படிக் குப்ப கொட்டப் போவுதோ," என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். கல்யாணம் முடிந்ததும் மனைவி தில்லையம்மாளிடம் விஷயத்தை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்றுகூட இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில் இரண்டு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. தீபாவளிக்கு முடித்துத் தர வேண்டிய சேலை, தறியைவிட்டு எழ முடியவில்லை. இது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு வாரம் வராதவரை அந்த வாரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. மேற்பார்வையாளர் முரளீதரன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் மாத அறிக்கை என்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். "இன்னும் ஒரு வாரம் போனா மாத்திரையை நிறுத்தினவா லிஸ்ட்ல அவர் பேர் ஏறிடும். போய்ப் பாருங்கோ. முடியலேன்னா ஒரு கார்டு போடுங்கோ," என்றார்.

தயாவதிக்கு அங்கேதான் சிக்கல். விளக்கு வைத்தபின் வா என்றவர் வீட்டுக்குப் பகலில் போகக் கூடாது. விளக்கு வைத்தபின் போனால் அன்று அவளுக்குச் சாப்பாடு கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு சமண வீடுகளில் வாயில் ஒன்றும் போடுவதில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவள் அதை மீறியதில்லை. நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரலாம், அம்மா இலை போட்டுக்கொண்டு காத்திருப்பாள். ஒரே ஒரு நாள் பட்டினி கிடந்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? பின்னால் ஆயிரம் தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்றைக்குத் தோன்றவே இல்லை, பாவி மகளுக்கு. கார்டு வாங்கி எழுதினாள்.

"மதிப்புக்குரிய ஐயா, இரண்டு செவ்வாய்க்கிழமையாக நீங்கள் வரவில்லை. மாத்திரை தீர்ந்திருக்கும். இடையில் விட்டால் கை மேலும் கெடும். வரும் செவ்வாய் அவசியம் வரவும். தயாவதி."

எழுதிவிட்டு மூன்று முறை படித்தாள். நோயின் பெயர் இல்லை. வேலை பார்க்கிற தொழுநோய் நிலையத்தின் பெயர் இல்லை. முத்திரை குத்தவும் இல்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தனக்கே ஒரு சந்தோஷம். நாலரை மணி பஸ்ஸுக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டாள்.

வயல்காட்டு ஊரில் வளர்ந்தவளுக்கு நெசவுத் தெருவில் தபால் எப்படி வரும் என்று தெரியாது. அங்கே தறி குழியில் இருக்கும். காலிரண்டும் குழிக்குள், கையிரண்டும் பட்டில். தபால் வந்தது என்று யாரும் எழுந்து வர மாட்டார்கள். தபால்காரர் வாசற்படியில் நின்று, தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கார்டைப் படித்துவிட்டுப் போவார். நல்ல காரியம், கெட்ட காரியம், எல்லாம் அப்படித்தான் அந்தத் தெருவுக்கு வந்தது. யாருக்கும் அதில் வருத்தமும் இல்லை. ரகசியம் எழுதுகிறவர்கள் உறையில் போட்டு ஒட்டி அனுப்புவார்கள்.

அன்று தபால்காரர் படிக்க ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை என்றதுமே அவருக்கே குரல் இறங்கிவிட்டதாம். ஆனால் தறிச் சத்தத்தில் கேட்காமல், "சத்தமாப் படிங்க சாமி!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தவள் தில்லையம்மாள்தான். அவர் படித்து முடித்தபோது பக்கத்து வீட்டுத் தறி நின்றிருந்தது. அதற்கடுத்த வீட்டுத் தறியும் நின்றது. கிடங்கில் செவ்வாய்க்கிழமை யார் மாத்திரை வாங்குகிறார்கள் என்று தெரியாதவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

அந்தச் செவ்வாயும் மாணிக்கவாசகம் வரவில்லை. தெரு விழிப்பதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மறுநாள் விடியற்காலையில் முதல் பஸ் ஏறித் தயாவதி பிள்ளையார்பாளையம் போனாள். இருட்டு பிரிகிற நேரம். அவர் வீட்டு வாசலிலிருந்து தெரு நீளத்துக்குப் புதுப் பாவு நீட்டியிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் நெடுக்கு இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து ஆற்ற வேண்டும். பத்துப் பேராவது வேண்டும் அதற்கு. கூலி கிடையாது, கூப்பிடவும் வேண்டியதில்லை. இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு. யார் வீட்டில் பாவு விரித்தாலும் பல் துலக்கிய கையோடு தெருவே வந்து நிற்கும்.

அன்று மூன்று பேர்தான் நின்றார்கள். ஒரு கோடியில் மாணிக்கவாசகம், மறு கோடியில் தில்லையம்மாள், நடுவில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டு கமலவேணி. மற்றவர்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். யாரும் ஏசவில்லை, கல்லெறியவில்லை. சும்மா நின்றார்கள். ஒரு கிழவர் இரண்டடி எடுத்து வைத்தார், அவர் மருமகள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். வெயில் ஏற ஏறக் கஞ்சி இறுகி இழைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன.

தயாவதி பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப் போய், பாவைத் தாங்கிய நடுக் கழியைப் பிடித்தாள். தெரு முழுக்க அவளைத்தான் பார்த்தது. செவ்வாய்க்கிழமைக் கிடங்கில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நிற்பவளை யாருக்குத் தெரியாது?

தில்லையம்மாள் பக்கத்தில் வந்தாள். கத்தவில்லை.

"போயிடுமா. மூணு நாளா கார்டு வேற யாருக்கோ போட்டதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். நாலு பேரு அரை மனசா நம்பிக்கினும் இருந்தாங்க. நீ வந்து நின்னுட்டியே."

கழியை விட்டுவிட்டு வந்தாள். ஒரு வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு முறை தீ வைத்தவள் தான்தான் என்று தெருக்கோடி வரை நடந்து வருவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. பஸ் நிலையத்துக் குழாயடியில் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதாள்.

முரளீதரனிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "கார்டு போடச் சொன்னது நான். நீங்க அழாதீங்கோ. ஆனா ஃபைல்ல மட்டும் அதை எழுதாதீங்கோ, மேலேருந்து பார்ப்பா," என்றார். தயாவதி எழுதினாள். யார் போட்ட கார்டு, அதில் என்ன எழுதியிருந்தது, அதனால் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். அவர் படித்துப் பார்த்தார், கிழிக்கவில்லை.

மார்கழியில் மாணிக்கவாசகம் கிடங்குக்கு வந்தார். பட்டப்பகலில், துண்டு போர்த்தாமல் வந்தார்.

"ஆரணிக்காரங்களுக்குச் சேதி போயிடுச்சுமா. எனக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு காயிதம் குடுங்க."

டாக்டரைக் கேட்டார்கள். இவரால் யாருக்கும் நோய் தொற்றாது என்று எழுதித் தருகிறேன், நோயே இல்லை என்று எப்படி எழுதுவது என்றார் அவர். தொற்றாது என்று எழுதினாலே இருக்கிறது என்றுதானே ஆகிவிடும்! மாணிக்கவாசகம் அந்தக் காகிதத்தை வாங்கவில்லை. தயாவதி ஆரணிக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிறேன் என்றாள். அவர் கைகூப்பினார்.

"வேணாம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா. அவங்க நல்லவங்கதான். பொண்ணு வேணுங்கறாங்க. பொண்ணைப் பெத்தவன் பந்தல்லயும் இருக்கக் கூடாது, அப்பறமும் கண்ணுல படக் கூடாதுன்னு சொல்றாங்க. அவ்ளோதான்."

"உங்க மேல தப்பே இல்லீங்களே ஐயா. என்னாலதானே..."

"கார்டு வராட்டியும் கை எத்தன நாளுக்கு மறஞ்சிருக்கும்?" என்றார். அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்ததால் இன்னும் வலித்தது. மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தையில் கமலவேணியின் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் தாரை வார்த்துக் கொடுத்தாராம். அதற்கு முந்தின வாரமே மாணிக்கவாசகம் வீட்டைவிட்டுப் போய்விட்டார். எந்த ஊருக்குப் போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு தயாவதி ஒரு வேளைச் சாப்பாட்டுக்காரி ஆனாள். ரயிலடிப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் சமைத்துச் சாப்பிட்டுக் கிளம்பினால், திரும்புவதற்குள் இருட்டிவிடும், மறுநாள் காலையில்தான் அடுத்த சாப்பாடு. விளக்கு வைத்தபின் வா என்றவர் வீட்டுக்கு விளக்கு வைத்தபின்தான் போனாள். பின்வாசல் வழியாக வா என்றால் பின்வாசல், கோயில் குளத்தங்கரையில் பார்க்கலாம் என்றால் குளத்தங்கரை. அம்மா, "யாருக்குடி இந்தத் தண்டனை?" என்று கேட்டாள். ஊரில் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள், புதிதாக வருகிறவர்களை அவளிடம் வேலை பழக அனுப்பினார்கள். அவள் அவர்களுக்கு முதலில் அந்தக் கார்டின் கதையைத்தான் சொன்னாள், தன் பெயரை மறைக்காமல்.

எழுபத்து நாலாம் வருஷம் வைகாசி கருட சேவையன்று பெருமாள் கோயில் பக்கம் பிச்சைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிலையத்து ஆட்களோடு தயாவதியும் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே வந்தாள். நீட்டியிருந்த ஒரு காலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். தாடிக்குள் மாணிக்கவாசகத்தின் முகம். இடது கை விரல்கள் மடங்கியே போயிருந்தன.

வாயைத் திறக்கப் போனாள். அவர் முந்திக்கொண்டார்.

"பேரு கைலாசம். ஊரு வாலாஜா பக்கம். பொண்டாட்டி புள்ள யாரும் கெடையாது. எழுதிக்கோமா."

கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்தார். சொன்னபடியே எழுதினாள். அவள் வாழ்நாளில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

கைலாசம் செவ்வாய்க்கிழமைதோறும் கிடங்குக்கு வந்தார். ஓரிக்கைப் பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுத் தயாவதி அலைந்து பேசி அவரைச் சேர்த்துவிட்டாள். புண் ஆறியது, பிச்சை நின்றது. ஆரணியில் கமலவேணிக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று அவளுக்குத் தெரியும், மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள் என்றும் தெரியும். வாரா வாரம் அந்தச் சேதி நாக்கு நுனிவரை வரும். சொன்னால் அன்றோடு அவர் வராமல் போய்விடுவார் என்று பயந்து விழுங்கிவிடுவாள். அவரும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

எழுபத்தாறில் ஒரு நாள் பஸ் நிலையத்தில் தில்லையம்மாள் அவள் கையைப் பிடித்தாள். மடியில் பேத்திக்கு வாங்கிய பொரி உருண்டைப் பொட்டலம். ஆரணி பஸ்ஸுக்கு நிற்கிறாளாம். தலை முழுக்க நரைத்திருந்தது. தயாவதிக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

"உன்னத் திட்டறதுக்குக் கூப்புடலமா. அதெல்லாம் அழுது தீத்தாச்சு," என்றாள் தில்லையம்மாள். "நீ நாலு ஊரு போறவ. அவர எங்கனா பாத்தியா?"

தயாவதி தரையைப் பார்த்தாள். அவர் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, கருட சேவையன்று அந்தக் கண் சொன்னதே போதும். பார்த்தேன் என்றால் இவள் ஓரிக்கைக்கு ஓடுவாள், ஆரணியில் பேச்சு கிளம்பும், அவர் மறுபடி எங்கேயாவது போய் மாத்திரை இல்லாமல் அழுகிச் சாவார். பார்க்கவில்லை என்றால் இந்த முகத்துக்கு நேரே பொய். எட்டு வருஷம் படித்த படிப்பில் இதற்கு ஒரு வழி இல்லையே என்று உள்ளுக்குள் துடித்தாள்.

தில்லையம்மாள் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க இருக்காருன்னு கேக்கல. எப்படி இருக்காருன்னும் கேக்கல. தெனம் காலையில கண்ணாடி முன்னாடி நிக்கறேன். செத்துப் போன மனுசனுக்கு நான் பொட்டு வெச்சுக்கினு இருந்தா பாவமில்லையா? ஏழு வருசமா பயந்துக்கினே வெச்சுக்கறேன். வெச்சுக்கலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லுமா."

"வெச்சுக்குங்கம்மா," என்றாள் தயாவதி.

தில்லையம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. ஆரணி பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பஸ் கிளம்புகிறவரை தயாவதி இருந்த பக்கம் திரும்பவே இல்லை, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.